மூடுபனிக்குள் ஹெட்லைட்

போன வாரம் ஒரு மனிதரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, 'தொடரும்' போட்டு நழுவிவிட்டேன். திட்டியிருப்பீர்கள். வாருங்கள், அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

கோயம்புத்தூர், அரவிந்த் கண் மருத்துவமனை. 2004. அவர் பெயர் வேண்டாம். அந்தப் பருவத்தில் அவரைப் போல நிறையப் பேர் வந்தார்கள்.

"வலது கண்ணுல பூச்சி பறக்குதுங்க டாக்டர். பார்வையும் மங்கலா இருக்குதுங்க."

சொட்டு மருந்து விடுகிறார்கள். பாப்பா விரிகிறது. டாக்டர் நெற்றியில் விளக்கை மாட்டி, கையில் லென்ஸைப் பிடித்துக் குனிகிறார்.

ஒரே புகை. நடுவே ஒரு வெள்ளைத் திட்டு.

ராத்திரியில் செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு மலைப்பாதையில் போயிருக்கிறீர்களா? மூடுபனியில் எதிரே லாரி வந்தால் வண்டி தெரியாது. விளக்கு மட்டும் மொத்தையாகத் தெரியும். கண் மருத்துவப் பாடப் புத்தகத்தில் இந்தத் திட்டுக்கு அதேதான் பெயர்: மூடுபனிக்குள் ஹெட்லைட்.

ஆள் யாரென்று டாக்டர்களுக்குத் தெரியும். டாக்ஸோபிளாஸ்மா. 1908-ல் துனிஸில் நிக்கோல், மான்சோ என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு பாலைநிலக் கொறிவிலங்கின் உடம்பில் பிடித்தார்களே, அதே ஒட்டுண்ணி. அதில் ஆச்சரியம் இல்லை.

தழும்பு எங்கே?

இந்த நோய் கருவிலேயே தாயிடமிருந்து வந்து, கண்ணுக்குள் தூங்கி, பெரியவனான பிறகு விழித்துக்கொள்ளும் என்பது நெடுநாள் பாடம். அப்படி விழித்தால் பழைய தழும்பின் ஓரத்தில்தான் புதுத் திட்டு முளைக்கும். தழும்பே இல்லாமல் திட்டு மட்டும் இருந்தால்? விருந்தாளி இப்போதுதான் வந்திருக்கிறான். ரத்தத்தில் ஐ.ஜி.எம். என்ற எதிர்ப்புப் பொருளைப் பார்த்தால், வந்து எத்தனை நாள் என்பதற்கும் ஒரு குறிப்பு கிடைக்கும்.

மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு 'அடுத்தவர்' என்று கூப்பிட்டிருக்கலாம். கூட்டம் நெருக்கும் மருத்துவமனையில் யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் அடுத்தவருக்கும் அதே புகை, அதே திட்டு. பின்னாளில் அந்த டாக்டர்கள் மருத்துவ இதழில் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே கணக்கு இருக்கிறது: 248 பேர்.

பூனை வளர்க்கிறீர்களா? கறியை அரைவேக்காட்டில் சாப்பிடுவீர்களா? வழக்கமாகக் கேட்கிற கேள்விகள் இவை. ஒரு வீட்டுக்குப் பொருந்தும். இத்தனை வீட்டுக்கும் சேர்த்து ஒரு பூனை இருக்க முடியுமா?

முடியும். தண்ணீர் வழியாக.

கனடாவின் விக்டோரியா நகரம் 1995-ல் இதைக் கண்டது. 100 பேருக்கு நோய் உறுதியானது. வீடுகளை வரைபடத்தில் குறித்துப் பார்த்தால், பெரும்பாலான கோடுகள் ஹம்ப்பேக் என்ற ஒரே நீர்த்தேக்கத்தில் போய் முடிந்தன. மழை கொட்டி, தண்ணீர் கலங்கிய நாட்களை அடுத்தே தொற்று ஏறியிருந்தது. அந்த நீர் வடிகட்டப்படாத நீர். சுற்றியிருந்த காட்டில் பூமாக்கள். பூமாவும் பூனைக் குடும்பம்தானே!

கோவை டாக்டர்களின் சந்தேகமும் நகராட்சிக் குடிநீர்த் தேக்கம் ஒன்றின் மேல்தான் விழுந்தது.

குற்றாலத்துக்காரர்களுக்கு இது எளிதில் விளங்கும். அங்கே ஓர் அருவிக்குப் புலி தண்ணீர் குடிக்க வருமாம். அதனால்தான் புலியருவி என்று பெயராம். குடிக்க வந்தது குடித்துவிட்டு மட்டுமா போகும்? முதல்முறை தொற்றுக்கு ஆளானதும் ஒரு பூனை சில நாட்களுக்கு, மலத்தில் லட்சக்கணக்கில் முட்டைக்கூடுகளை இறக்கும். அவை மண்ணில் சில நாளில் வீரியம் பெறும். ஈரம் இருந்தால் மாதக்கணக்கில் சாகாது. குளோரினுக்கு அசையாது. கொதிக்க வைத்தால் ஒழியும். மேலே கிடந்ததை மழை கீழே கொண்டுவரும். இது உங்கள் ஊர் அருவிக்கான எச்சரிக்கை அல்ல. சாரலுக்குப் போய் நிம்மதியாகக் குளியுங்கள். குடிப்பதை மட்டும் காய்ச்சிக் குடியுங்கள்.

சரி, வழி தெரிந்தது. ஆனால் உலகத்தில் கோடிக்கணக்கானவர்கள் இதைச் சுமந்துகொண்டு சுகமாகத்தானே இருக்கிறார்கள்? சில ஊர்களில் மட்டும் ஏன் நேரே கண்ணுக்குப் பாய்கிறது?

எல்லா டாக்ஸோபிளாஸ்மாவும் ஒன்றல்ல. 1995-ல் ஹோ, சிப்லி என்ற ஆய்வாளர்கள், மனிதர்களிடமும் விலங்குகளிடமும் எடுத்த 106 மாதிரிகளை மரபணு வாரியாகப் பிரித்தார்கள். அநேகமாக மூன்றே வம்சத்தில் அடங்கின. முதல் வம்சம் கொடூரம். ஒரே ஒரு கிருமி போதும், சுண்டெலி செத்துவிடும். இரண்டும் மூன்றும் அவ்வளவு மோசமில்லை. தென் அமெரிக்காவில் தேடியவர்களுக்கோ தலை சுற்றியது. அங்கே இடத்துக்கு இடம் வேறு வேறு மரபுக் கலவை.

கலப்பு எங்கே நடக்கிறது? ஆடு, கோழி, எலி, மனிதன் எந்த உடம்பிலும் இந்தக் கிருமி தன்னைப் பிளந்து பிளந்து நகல் எடுக்கத்தான் செய்யும். ஆணும் பெண்ணுமாகச் சேர்வது பூனைக் குடலில் மட்டும். ஒரு பூனை இன்று ஓர் எலியைத் தின்கிறது, நாளை இன்னொன்றை. இரண்டுக்குள்ளும் வேறு வேறு வம்சம். அல்லது ஒரே எலிக்குள் இரண்டும்.

அந்தக் குடலுக்குள் நடப்பதை 2001-ல் கிரிக் என்ற ஆய்வாளரின் குழுவினர் வேண்டுமென்றே நடத்திப் பார்த்தார்கள். இரண்டாம் வம்சமும் மூன்றாம் வம்சமும். பெற்ற இரண்டும் சுண்டெலிக்குச் சாது.

பிறந்த பிள்ளைகளை ஊசியில் ஏற்றிச் சுண்டெலிகளுக்குப் போட்டார்கள்.

(அடுத்த வாரம்: கூண்டு)