மண்ணைக் காத்த கொடிகள்



மலாயாவின் இரப்பர் வரலாற்றை எழுதுவோர் விதையையும் விலையையும் விரிவாக எழுதுவர். மரம் நின்ற மண்ணைப் பற்றி எழுதுவோர் சிலரே. அம்மண்ணின் கதையில் நம் முன்னோரின் மண்வெட்டிக்கும் பங்கு உண்டு.

1877-ஆம் ஆண்டு 22 இரப்பர்க் கன்றுகள் சிங்கைத் தாவரவியல் பூங்காவிற்கு வந்து சேர்ந்தன. 1896-இல் மலாக்காவில் டான் சே யான் அதனை வணிகப் பயிராக நட்டார். 1920-களிலோ மலாயாவில் இருபது இலட்சம் ஏக்கருக்கும் மேல் பால்மரங்கள் நின்றன.

அக்காலத் தோட்டங்களில் மரங்களுக்கிடையே புல் பூண்டு எதுவும் இருத்தல் கூடாது என்பது விதி. லாலாங் புல் மரத்தின் உணவைப் பறிக்கும். வறண்டால் எளிதில் தீப்பற்றும். ஆகவே அச்சம் நியாயமானதே. ஆயினும் லாலாங்கோடு எல்லாச் செடிகளும் களையப்பட்டன. தமிழ்த் தொழிலாளர்கள், குறிப்பாகப் பெண்கள், நாள்தோறும் குனிந்து நிலத்தைத் துடைத்தாற்போல் வைத்தனர்.

ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் மண் இது. போர்வையற்ற நிலத்தில் விழும் மழைத்துளி மண்கட்டியை உடைக்கிறது. உடைந்த துகள்கள் நுண்துளைகளை அடைக்கின்றன. உள்ளே இறங்க வழியற்ற நீர், சரிவில் மேல்மண்ணை வாரிக்கொண்டு ஓடுகிறது. இவ்வாறு காடு பல நூற்றாண்டுகளாகச் சேர்த்த வளம் சில பத்தாண்டுகளில் ஆற்றில் கலந்தது. ஈயச் சுரங்கங்களின் கழிவுமண்ணும் சேர, ஆறுகள் மேடிட்டன.

வியப்பு என்னவெனில், நெருக்கமாக மரம் நட்டு, கீழே செடிகளை வளரவிட்ட சிறுதோட்டக்காரர்களின் நிலம் இந்த அளவு கரையவில்லை. அதனைச் சோம்பேறித்தனம் என்று இகழ்ந்தோரும் இருந்தனர்!

நாளடைவில் கருத்து மாறியது. 1925-இல் இரப்பர் ஆய்வுக் கழகம் நிறுவப்பட்டது. பியூராரியா, சென்ட்ரோசீமா, கலப்பகோனியம் ஆகிய அவரை இனக் கொடிகள் மரவரிசைகளுக்கிடையே படரவிடப்பட்டன. இவை மழையின் அடியைத் தாங்கின, வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களின் துணையால் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணுக்கு அளித்தன, லாலாங்கையும் அடக்கின. சரிவுகளில் சமவுயரப் படிகள் வெட்டப்பட்டன. ஓடும் நீரையும் வண்டலையும் பிடித்து நிறுத்தக் குழிகள் தோண்டப்பட்டன.

அந்தப் படிகளையும் குழிகளையும் வெட்டியவர்களிலும் தமிழ்த் தொழிலாளர்கள் இருந்தனர். மண்ணை வெறுமையாக்கும் ஆணைக்கும் கட்டுப்பட்டவர்கள் அவர்கள். அதனைக் காக்கும் ஆணைக்கும் கட்டுப்பட்டவர்கள் அவர்கள். ஆணையிட்டோரின் பெயர்கள் ஏடுகளில் உள்ளன. எந்தச் சரிவில் நீர் எவ்வழி ஓடும் என்று காலடியால் அறிந்தவர்களின் பெயர்கள் பெரும்பாலும் இல்லை.

தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. மாணவச் செல்வங்களே, தோட்டத்தில் உழைத்த பாட்டி, தாத்தா உங்கள் வீட்டில் இருப்பின், பால்வெட்டைப் பற்றி மட்டும் கேளாதீர்கள். களை எடுத்ததையும் குழி வெட்டியதையும் கேட்டு எழுதி வையுங்கள். அதுவும் நம் வரலாறே.