வாசலை மறித்த உரிமச் சோதனை

பெயரைச் சொடுக்கிக் கடவுச்சொல்லைச் சரியாகத் தட்டினாலும் டெஸ்க்டாப் வராது. இந்தக் கணினியின் உரிமத்தைச் சரிபார்க்க முடியாதபடி ஏதோ சிக்கல் இருக்கிறது என்ற அறிவிப்போடும் ஒரு பிழை எண்ணோடும் சிறு பெட்டி ஒன்று எழும்பும். ‘ஓகே’ அழுத்தினால் மறுபடியும் லாகின் திரையிலேயே கொண்டுபோய் விட்டுவிடும். விண்டோஸ் எக்ஸ்பி புழங்கிய காலத்தில் கணினி பழுதுபார்ப்பவர்கள் நன்கு அறிந்திருந்த கோளாறு இது. புதிய தொழில்நுட்பம் வந்தால் இப்படிச் சில தொல்லைகளும் வரத்தான் செய்யும் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. உரிமச் சோதனையை லாகின் வாசலில் கொண்டுவந்து நிறுத்தியது ஒரு வணிக முடிவு. அது தவறான முடிவு என்பதை அடுத்த சில ஆண்டுகளின் வரலாறே காட்டிவிட்டது.

மென்பொருள் தனிச் சரக்காக நிலைபெற்ற கதை 1969இல் வேகம் பிடிக்கிறது. அதுவரை இயந்திரத்தோடு சேர்த்தே கொடுத்துவந்த மென்பொருள்களுக்கு இனித் தனி விலை என்று அந்த ஆண்டு ஜூனில் ஐபிஎம் அறிவித்தது. 1976 பிப்ரவரியில் கணினி ஆர்வலர்களுக்கு ஒரு திறந்த மடல் எழுதிய பில் கேட்ஸ், தங்கள் பேசிக் மென்பொருளைக் காசு கொடுக்காமல் படியெடுப்பது திருட்டு என்று கண்டித்தார். அமெரிக்கா 1980இல் மென்பொருளுக்குப் பதிப்புரிமையைச் சட்டப்படி உறுதிசெய்தது. இந்தியா 1984ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அதை இலக்கியப் படைப்புகளின் வரிசையில் சேர்த்தது. சட்டம் மட்டும் போதாது என்று கருதிய நிறுவனங்கள் பூட்டுகளையும் தேடின. விலை உயர்ந்த வரைபட மென்பொருள்களுக்கு, கணினியின் பின்புறம் செருகும் டாங்கிள் வந்தது. யூனிக்ஸ் பணிநிலையங்களில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் பயன்படுத்தலாம் என்று எண்ணிக் கொடுக்கும் உரிம சர்வர்கள் வந்தன. இவை தவறினால் அந்த ஒரு மென்பொருள்தான் திறக்காது. கணினியில் மற்ற வேலைகள் நடந்துகொண்டிருக்கும்.

2001 அக்டோபர் 25 அன்று கடைக்கு வந்த எக்ஸ்பி இந்த எல்லையைத் தாண்டியது. 25 எழுத்துகள் கொண்ட சாவியைக் கொடுத்து நிறுவிய பிறகு, 30 நாள்களுக்குள் இணையம் வழியாகவோ தொலைபேசியிலோ ஆக்டிவேஷன் செய்தாக வேண்டும். செயலி, ராம், ஹார்டுடிஸ்க், நெட்வொர்க் கார்டு என்று பத்து அம்சங்களைப் பார்த்து அது கணினிக்கு ஓர் அடையாளம் வகுத்துக்கொள்ளும். தொலைபேசியில் செய்பவர் 50 இலக்க எண்ணைப் படித்துக் காட்டி, பதிலாகச் சொல்லப்படும் 42 இலக்க எண்ணைப் பிழையில்லாமல் தட்ட வேண்டும். கெடு முடிந்துவிட்டால் லாகின் கிடையாது. அதாவது, ஒருவர் தன் கணக்கேட்டையும் கடிதங்களையும் பார்ப்பதற்கே இந்தச் சோதனையில் தேற வேண்டும் என்றாயிற்று.

சோதனை எப்படியெல்லாம் தவறியது என்பதைப் பார்த்தால் இதன் அடிப்படைக் குறை புலப்படும். தொடக்கத்தில் சொன்ன லாகின் அறிவிப்புக்கு மைக்ரோசாஃப்டே வெளியிட்ட விளக்கக் குறிப்பு இரண்டு காரணங்களைச் சொன்னது: விண்டோஸ் இருக்கும் டிரைவின் எழுத்து மாறியிருக்கலாம், அல்லது பாதுகாப்புப் பணியைச் செய்யும் இயல்பான நிரல்கூறு மாற்றப்பட்டிருக்கலாம். இரண்டுமே திருட்டுக்கான தடயங்கள் ஆகா. புது ஹார்டுடிஸ்க்குக்கு எல்லாவற்றையும் படியெடுத்து மாற்றும்போதுகூட ‘சி’ என்ற எழுத்து ‘டி’ ஆகிவிடக்கூடும். அதே கணினியை எஃப்8 அழுத்தி சேஃப் மோடில் தொடங்கினால் டெஸ்க்டாப் வரும், கோப்புகளும் திறக்கும். பழுதுபார்ப்பவர்கள் அந்த வழியாகத்தான் உள்ளே போய்ச் சரிசெய்தார்கள். இயந்திரத்திலும் கோப்புகளிலும் பழுதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ‘உரிமம் இல்லை’ என்பதும் ‘உரிமம் இருக்கிறதா என்று தெரியவில்லை’ என்பதும் வேறு வேறு. இரண்டுக்கும் ஒரே தண்டனை விதித்ததுதான் பிழை.

திருட்டுப் படிகளால் நிறுவனங்களுக்கு இழப்பு நேர்ந்தது உண்மைதானே, வேறென்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். இழப்பு உண்மை, ஆனால் இந்தப் பூட்டு திருடரைத் தடுத்ததா? மொத்தமாக வாங்கும் பெரிய நிறுவனங்களின் எக்ஸ்பி படிகளுக்கு ஆக்டிவேஷன் தேவைப்படவில்லை. அத்தகைய சாவி ஒன்று மென்பொருள் கடைக்கு வருவதற்கு முன்பே கசிந்து உலகெங்கும் பரவியது. அதைப் பயன்படுத்தியவர்கள் 30 நாள் கெடுவைக் காணவே இல்லை. பரவிய சாவிகளைத் தடுக்க 2002இல் வந்த முதல் சர்வீஸ் பேக் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காசு கொடுத்துக் கடையில் ஒரு படி வாங்கியவர்தான் முதல் நாளிலிருந்தே சோதனைக்கு ஆளானார்.

பாதிக்கப்பட்டவர்கள் சிலர்தானே என்பது அடுத்த வாதம். 2007 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்டின் சரிபார்ப்பு சர்வர்களில் மனிதத் தவறால் கோளாறு நேர்ந்து, முறையாக வாங்கிய படிகளும் போலி என்று குறிக்கப்பட்டன. பாதிக்கப்பட்டவை 12,000க்கும் குறைவு என்றது நிறுவனம். ஆனால் அந்தப் பயனர்கள் ஒரு தவறும் செய்யவில்லை. நிறுவனத்தின் சர்வர் சறுக்கியதற்கு அவர்களுடைய கணினிகளில் சில வசதிகள் நின்றுபோயின. 2008 ஆகஸ்ட் 12 அன்று விஎம்வேர் நிறுவனத்தின் இஎஸ்எக்ஸ் 3.5இன் இரண்டாம் அப்டேட்டிலும் இப்படியே நடந்தது. சோதனைப் பதிப்புக்கென எழுதிய காலக்கெடு நிரல் விற்பனைப் பதிப்பிலும் தங்கிவிட்டதால், பணம் கட்டிய வாடிக்கையாளர்களின் மெய்நிகர் கணினிகள் அன்று தொடங்க மறுத்தன. எண்ணிக்கை சிறிதா பெரிதா என்பதைவிட, தவறு யாருடையது, சுமை யார் தலையில் என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

பூட்டைத் தளர்த்தினால் வணிகமே படுத்துவிடும் என்ற அச்சத்துக்கும் வரலாற்றில் விடை இருக்கிறது. 2007இல் மக்களுக்கு விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா, கெடு தாண்டினால் உலாவியை மட்டும் திறக்கவிட்டு ஒரு மணி நேரத்தில் பயனரை வெளியேற்றியது. 2008இல் வந்த அதன் முதல் சர்வீஸ் பேக் அந்த முறையைக் கைவிட்டது. பின்னணியைக் கறுப்பாக்கி அவ்வப்போது நினைவூட்டுவதோடு நிறுத்திக்கொண்டது. மைக்ரோசாஃப்ட் அதனால் நொடித்துவிடவில்லை. 2018 நவம்பரில் சர்வர் கோளாறால் விண்டோஸ் 10 புரோ வைத்திருந்த பலருக்கு உரிமம் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. டெஸ்க்டாப் திறந்தே இருந்ததால் அவர்களுடைய வேலை முடங்கவில்லை.

விற்பவருக்குத் தன் உரிமத்தைச் சோதிக்கும் உரிமை உண்டு. ஆனால் சோதனை தடுமாறும்போது ஐயத்தின் பலன் பயனருக்கே சேர வேண்டும். அவருடைய கோப்புகளுக்கும் அவருக்கும் நடுவே அது ஒருபோதும் நிற்கக் கூடாது. மாதச் சந்தாவில் மென்பொருள் வாங்கும் இன்றைய பள்ளிகளும் அலுவலகங்களும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் ஒரு கேள்வியைக் கேட்டு, பதிலை எழுத்தில் பெற வேண்டும்: உங்கள் சரிபார்ப்பு தவறினால் எங்கள் ஆவணங்கள் எங்களுக்குத் திறக்குமா?