தங்கமணி பொறந்த ஊரு

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு சனிக்கிழமை. டைனிங் டேபிள் முழுக்கப் பேப்பரைப் பரப்பி, கிரீன் கார்டு விண்ணப்பத்துக்கு ஆவணம் சேர்த்துக்கிட்டிருந்தேன். வக்கீல் அனுப்பின கேள்விப்பட்டியல்ல தங்கமணி பேருக்குப் பக்கத்துல 'டிபெண்டன்ட்'னு போட்டிருந்தது. அம்மணி முறைச்ச முறையில என் காபி ஆறிப்போச்சு. நாலு வரி தள்ளி 'பிறந்த நாடு'. எனக்கு இந்தியா, அவங்களுக்கு பஹ்ரைன். ரெண்டு பேருகிட்டயும் இருக்கிறது இந்திய பாஸ்போர்ட்தான், அதனால நான் அதைப் பெரிசா எடுத்துக்கல.

திங்கக்கிழமை வக்கீல் போன்ல கேட்ட முதல் கேள்வியே அதுதான். "மனைவியோட பர்த் சர்டிஃபிகேட் பஹ்ரைன்ல வாங்கினதா?" ஆமான்னேன். "அப்போ நீங்க இந்தியா வரிசையில நிக்க வேண்டாம்."

ஒரு ஊர் பேரு பத்து வருஷத்துக்கும் மேலான காத்திருப்பைக் காணாம அடிக்குமான்னு அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. ஆணி பிடுங்குறதை ஓரங்கட்டிட்டு இதோட பூர்வீகத்தைத் தோண்ட ஆரம்பிச்சேன்.

கதை அமெரிக்காவோட 1924 குடியேற்றச் சட்டத்துல தொடங்குது. ஒவ்வொரு நாட்டுக்கும் இத்தனை பேருன்னு அளவு வச்சாங்க. யாரு எந்த நாட்டுக் கணக்குங்கிறதுக்கு குடியுரிமையைப் பார்க்கல, பொறந்த இடத்தைப் பார்த்தாங்க. அதுலயே ஒரு சின்ன சலுகை: மனைவி வேற நாட்டுல பொறந்து, அந்த நாட்டு அளவு தீர்ந்துபோயிருந்தா, கூட வர்ற கணவனோட நாட்டுக் கணக்குல அவளைச் சேர்க்கலாம். கணவனை மனைவி கணக்குல சேர்க்க வழி இல்ல. ஆம்பளை பின்னாடிதான் பொம்பளைங்கிற காலம்.

நம்மாளுங்களுக்கு அந்தச் சலுகையும் கிடையாது. 1917 சட்டமே இந்தியாவையும் ஆசியாவோட பெரும்பகுதியையும் தடை மண்டலமாக்கியிருந்தது. 1923ல பகத் சிங் திந்த் வழக்குல, இந்தியர்கள் குடியுரிமை பெறத் தகுதி இல்லாதவங்கன்னு உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. ஊர்ல இருந்து மனைவியைக் கூட்டிவர வழியே இல்லாம, கலிஃபோர்னியாவோட இம்பீரியல் பள்ளத்தாக்குல விவசாயம் பார்த்த பஞ்சாபிகள் பல பேரு மெக்சிகோ வம்சாவளிப் பெண்களைக் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. ஊர்ல விட்டுவந்த மனைவியைத் திரும்பப் பார்க்காத ஆளுங்களும் உண்டு. 1946ல லூஸ்-செல்லர் சட்டம் வந்தப்போ இந்தியாவுக்குக் கிடைச்ச அளவு வருஷத்துக்கு 100 பேரு!

எனக்கு உதவின விதி 1952 மெக்காரன்-வால்டர் சட்டத்துல முழு வடிவத்துக்கு வந்தது. கணவன் மனைவி பிரியக்கூடாதுன்னா, ரெண்டு பேர்ல யாரோட நாட்டுக் கணக்கையும் மத்தவர் எடுத்துக்கலாம். ஆனா அதுலயும் ஒரு வில்லங்கம். 'ஆசிய-பசிபிக் முக்கோணம்'னு வரைபடத்துல கோடு போட்டு, அந்தப் பகுதி வம்சாவளிக்காரங்க முக்கோணத்துக்கு வெளியே எங்கே பொறந்திருந்தாலும் மூதாதையர் நாட்டுக் கணக்குலதான்னு எழுதி வச்சாங்க. அதாவது தங்கமணி அப்போ விண்ணப்பிச்சிருந்தா பஹ்ரைன் சர்டிஃபிகேட்டை வச்சு வடைதான் மடிக்கணும். அந்த 100 பேர் வரிசைதான்.

1965 சட்டம் இனக்கணக்கை ஒழிச்சது. பொறந்த இடம் மட்டும் தங்கிடுச்சு. கூடவே பெரிய நாடு, சின்ன நாடுன்னு பார்க்காம தலைக்கு ஒரே உச்சவரம்பு. அன்னிக்கு அது சமத்துவம். 1990 சட்டம் வேலை வழி கிரீன் கார்டை வருஷத்துக்கு 1,40,000ன்னு வச்சது, மனைவி மக்களையும் அதுலயே எண்ணி. ஒரு நாட்டுக்கு 7 சதவீதம். அதே சட்டம் கொண்டுவந்த எச்-1பி விசாவுக்கு மட்டும் நாடு வாரி உச்சவரம்பு இல்ல. வாசல் அகலம், உள் கதவு குறுகல். நம்மூர் ஆளுங்க நடுவுல தேங்கிப்போனது இப்படித்தான்.

அத்தைகிட்ட (மாமியார்தான்) இதைச் சொன்னப்போ ஒரு தகவல் கிடைச்சது. தலைப்பிரசவத்துக்கு கோவில்பட்டிக்கு வர டிக்கெட் எல்லாம் போட்டாச்சாம். கடைசி நேரத்துல ரத்த அழுத்தம் ஏறி, விமானத்துல போகவே கூடாதுன்னு டாக்டர் தடுத்துட்டாராம். "தாயும் பக்கத்துல இல்லாம அந்நிய ஊர்ல பெத்தேனேன்னு எவ்வளவு அழுதேன் தெரியுமா மாப்பிள்ளை"ன்னாங்க. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. அவங்க அழுத அழுகைக்கு முப்பது வருஷம் கழிச்சு எனக்குப் பலன்.

என் டீம்ல ஒரு நண்பன். என்னைவிட நல்லா கோடு எழுதுவான். ரெண்டு பேருக்கும் ஒரே மாசம் பேப்பர் போட்டாங்க. அவன் மனைவி பொறந்தது மதுரை. "பையன் இங்கேதானேடா பொறந்தான், அவன் நாட்டுக் கணக்குல போக முடியாதா?"ன்னு விவரம் தெரியாம கேட்டேன். பெத்தவங்க நாட்டுக் கணக்கைப் பிள்ளை எடுத்துக்கலாம், பிள்ளை வழியா பெத்தவங்களுக்கு ஏறாது. இதை அவன்தான் எனக்குச் சொன்னான். அவன் எல்லாத்தையும் ஏற்கெனவே படிச்சு முடிச்சிருந்தான்.

எங்க விண்ணப்பம் ரெண்டும் சேர்ந்தேதான் போகணும்னு விதி. ஒரே நாள்லதான் அப்ரூவல் ஆச்சு. அன்னிக்கு சாயங்காலம் நண்பன் குடும்பத்தோட வந்து, மனசாரக் கைகொடுத்து, சாப்பிட்டுட்டுப் போனான். இன்னும் வரிசையிலதான் நிக்கிறான். எனக்கு சந்தோஷம்தான், இல்லேன்னா பொய். ஆனா இதை உழைச்சு வாங்கினேன்னு மட்டும் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்.

டிஸ்கி: அந்தக் கேள்விப்பட்டியல் நகலை தங்கமணி ஃபிரிட்ஜ்ல ஒட்டி வச்சிருக்காங்க. 'டிபெண்டன்ட்'ங்கிறதை அடிச்சு, பக்கத்துல என் பேரை எழுதியிருக்காங்க. நான் எதுவும் பேசல மக்கா :)