விளக்கேந்தி வந்தவரும் விலகி நின்றவரும்

மதுரைக்குத் தூங்கா நகரம் என்று பெயர். பெருமைதான்! ஆனால், தூங்கா நகரிலே தூங்க இடமின்றித் துவள்வோரும் உண்டு. இரயிலடி வாயிலிலே, அடைத்த கடைகளின் படிக்கட்டிலே, மாட மதில்களின் ஓரத்திலே சுருண்டு கிடக்கும் உருவங்களைக் காணாதார் யார்? மகன் கைவிட்ட முதியவள், மனம் பேதலித்தவன், மழை பொய்த்த சீமையிலிருந்து பிழைப்புத் தேடி வந்த உழவன். பகலிலே இவர்கள் கூட்டத்தோடு கூட்டம். இரவு வந்தால்தான் இவர்களுக்கு வீடில்லை என்பது ஊருக்குத் தெரிகிறது. தெரிந்து என்ன பயன்? ஊர் கதவைச் சாத்திக்கொள்கிறது.

கதவைச் சாத்தாத ஒருவனைப் பற்றி மணிமேகலை பேசுகிறது. வேள்வியிலே வெட்டுண்ண இருந்த பசுவை விடுவித்தான் என்பதற்காக வேதியர் விரட்டியடித்த ஆபுத்திரன், இதே தென்மதுரைக்கு வந்து, சிந்தாதேவி கோயில் முன்றிலிலே தங்கினான். ஏந்திய ஓட்டில் விழுந்ததைக் குருடர்க்கும் முடவர்க்கும் பிணியாளர்க்கும் ஊட்டி, எஞ்சியதை உண்டு, ஓட்டையே தலையணையாக்கிக் கிடந்தான். மழை கொட்டிய ஓரிரவு, பசியென்று வந்தோர்க்கு ஈய ஏதுமின்றிப் பதைத்தான். தெய்வம் வந்து அமுதசுரபி தந்தது என்கிறது காவியம். தெய்வம் தந்ததை நாம் ஏற்கமாட்டோம். அவன் பதைத்ததை ஏற்கிறோம். அந்தப் பதைப்பே பண்பாடு!

அந்த மதுரைக்கு 1606-ஆம் ஆண்டு ஏசுவின் பெயரால் ஒருவர் வந்தார். இத்தாலி நாட்டு இராபர்ட் தெ நொபிலி. தமிழ் கற்றார், உரைநடை வளர்த்தார், மறுப்பார் இல்லை. ஆனால் காவி உடுத்தார், பூணூல் தரித்தார், புலால் நீத்தார், பார்ப்பனர் சமைத்ததையே உண்டார். மேற்குலத்தார் மதம் மாறவேண்டுமானால் மேற்குலத்தாராகவே காட்சி தரவேண்டும் என்பது அவர் கணக்கு. முன்பிருந்தே மதுரையில் பரதவரிடையே பணி செய்துவந்த பெர்னாண்டஸ் பாதிரியாரோடு ஒரே வீட்டில் வாழவும் அவர் ஒப்பவில்லை. பூணூலுக்கும் குடுமிக்கும் 1623-ல் போப்பின் இசைவும் கிடைத்தது. பிறகு, 1640 முதல், தாழ்ந்தோர் எனப்பட்டோரிடம் செல்லப் 'பண்டாரசாமிகள்' எனும் வேறு வகையினர் புறப்பட்டனர். ஒரே சிலுவை, ஆனால் அதைச் சுமப்பதிலே இரண்டு வரிசை!

இதன் விளைவை 1704-ஆம் ஆண்டு ஓலை உரக்கக் கூறுகிறது. போப்பின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன் பிறப்பித்த கட்டளைகளிலே ஒன்று, நோயுற்ற தாழ்த்தப்பட்டோரின் வீட்டுக்குச் செல்லப் பாதிரிமார் மறுக்கலாகாது என்பது. மறுத்தனர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? சாகக் கிடப்பவன் குடிசைக்குள் நுழைய, சமயக் குருவுக்குக் கட்டளை தேவைப்பட்டது! அந்தக் கட்டளையின் மீதும் நாற்பது ஆண்டு வழக்காடினர். முடிவில், 1744-ல் போப் பதினான்காம் பெனடிக்ட் காலத்திலே கண்ட வழி என்ன? தாழ்த்தப்பட்டோருக்கென்றே தனிப் பாதிரிமார்! பாலைவன நாட்டிலே பிறந்த மதம் வைகைக் கரை வந்ததும் வருணாசிரமத்துக்கு வாடகை கொடுத்தது.

இதோடு நிறுத்தினால் நாம் பாதி உண்மையே பேசியவராவோம். பகுத்தறிவாளன் பாதி உண்மையோடு நிற்கலாகாது. மறுபாதியைக் காண இலண்டன் நகரத்து இரவுக்குள் செல்லவேண்டும். அங்கே தொடங்கிய பாதை நம் நாட்டுக்கும் வந்து சேர்ந்தது.

வில்லியம் பூத் என்பவர் 1865-ல் இலண்டன் கீழ்த்திசைச் சேரிகளிலே தொடங்கிய பணியே பின்னர் இரட்சணிய சேனை ஆயிற்று. பாலத்தடியிலே பனியில் விறைத்துக் கிடந்தோரைக் கண்டு, 1888-ல் இரவு உறைவிடம் திறந்தனர். 1890-ல் அவர் எழுதிய நூலிலே சுடச்சுட ஓர் ஒப்புமை. வண்டிக் குதிரை தெருவில் விழுந்தால், 'ஏன் விழுந்தாய்?' என்று எவரும் கேட்பதில்லை, தூக்கி நிறுத்துகின்றனர். அதற்குக் கொட்டில் உண்டு, தீனி உண்டு, வேலை உண்டு. குதிரைக்குள்ளது மனிதனுக்கு ஏன் இல்லை? நாத்திகனும் கைதட்டும் கேள்வி இது! அந்தச் சேனையை 1882-ல் இந்தியாவுக்குக் கொணர்ந்த டக்கர், ஐ.சி.எஸ். பதவியை உதறியவர், வெறுங்காலோடு நடந்து, மக்கள் இட்டதை உண்டவர். தெ நொபிலி மேலோர் போல் உடுத்தார். டக்கர் இரவலர் போல் நடந்தார். இரண்டும் வேடம் என்போர் இருக்கலாம். எந்த வேடம் எவரை நெருங்க உதவிற்று என்பதன்றோ கேள்வி?

அந்த இலண்டன் தெருக்களிலேயே, 2003-ல், 'தெருப் பாதிரிமார்' என்ற தொண்டர் அணி பிறந்தது. பிரிக்ஸ்டன் பகுதியிலே லெஸ் ஐசக் என்பவர் தொடங்கியது. பல சபைகளைச் சேர்ந்த எளிய ஆண்களும் பெண்களும் வார இறுதி இரவுகளிலே குழுவாக நடக்கின்றனர். தள்ளாடுவோர்க்குத் தண்ணீர், குதிகால் உயர்ந்த காலணியால் நடக்கமாட்டாத பெண்களுக்கு ரப்பர் செருப்பு, குளிரில் நடுங்குவோர்க்குப் போர்வை, சண்டை மூளும் இடத்திலே சாந்தமான சொல். மேடை போட்டு மதம் பேசுவது அவர்கள் வேலையன்று. பசித்தவன் வயிற்றைக் காட்டி அவன் நெஞ்சை விலைபேசுவது அறமாகாது. கேளாமல் கொடுத்து, கணக்கு வைக்காமல் விலகுவதே தொண்டு. அத்தகைய தொண்டைக் கிறித்தவன் செய்தாலும் வணங்கத்தக்கது; கடவுளை மறுப்பவன் செய்யாவிட்டால் நாணத்தக்கது!

ஆனால், தோழர்களே, தொண்டு மட்டும் போதுமா? நம் நெல்லைச் சீமை நிகழ்ச்சி விடை சொல்லும். 1901 மார்ச்சில், கோயிலுக்குப் பொட்டுக்கட்ட வைத்திருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பி ஓடிவந்தாள். ஏமி கார்மைக்கேல் என்ற அயர்லாந்துப் பெண்மணி அவளை அணைத்துக்கொண்டார். அன்று தொடங்கி, டோனாவூரிலே எத்தனையோ குழந்தைகளுக்கு அவர் அம்மா ஆனார். அரும்பணி! எனினும் ஓடிவந்த குழந்தைக்குத்தான் மடி கிடைத்தது. ஓடிவர முடியாத குழந்தைக்கு? அதற்காகவே மருத்துவர் முத்துலட்சுமி அம்மையார் 1927 முதல் சட்டமன்றத்திலே முழங்கினார். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராக நெருப்பு மூட்டினார். 1947-ல் சட்டம் வந்தது. பொட்டுக்கட்டும் வழக்கம் குற்றமாயிற்று. அணைத்த கை ஒரு குழந்தையைக் காத்தது. சட்டம் ஒரு தலைமுறையைக் காத்தது.

தெருவில் உறங்குவோர் கதையும் அதுவே. 1945-ல் சென்னை மாகாணம் ஒரு சட்டம் செய்தது, உறைவிடம் தருவதற்கா? இல்லை, இரப்போரைத் தடுப்பதற்கு! ஏழ்மையை ஒழிக்காமல் ஏழையைப் பிடிக்கும் விந்தையைப் பார்த்தீர்களா! வீடற்றோர் உயிரும் உயிரே என்று உச்சநீதிமன்றம் சொல்ல 2010 வரவேண்டியிருந்தது. பெருநகரங்களிலே ஒரு இலட்சம் மக்களுக்கு ஓர் உறைவிடம், ஆண்டு முழுதும், பகலும் இரவும் திறந்திருக்கவேண்டும் என்பது அப்போது வகுத்த அளவு. 2011 கணக்கெடுப்பிலே மதுரை மாநகரின் மக்கள் தொகை பத்து இலட்சத்தைத் தாண்டியது. பத்து உறைவிடங்களேனும் வேண்டும் என்பது எளிய கணக்கு.

இளைஞனே, உனக்கொரு வேலை. ஓரிரவு நண்பர் நால்வரோடு புறப்படு. மாசி வீதிகளைச் சுற்று, இரயிலடியைப் பார், பேருந்து நிலையத்தைப் பார். கையிலே போர்வை இருக்கட்டும். பையிலே ஏடும் இருக்கட்டும். போர்வையை நடுங்குவோர்க்குக் கொடு. எத்தனை பேர், எங்கே, ஏன் என்பதை ஏட்டிலே எழுது. விடிந்ததும் அந்த ஏட்டோடு மாநகராட்சியின் படியேறு. உறைவிடம் எங்கே என்று கேள். ஜெபமும் வேண்டாம், அர்ச்சனையும் வேண்டாம். அந்தக் கேள்வி போதும்.

ஆபுத்திரனுக்குத் தெய்வம் தந்ததாகச் சொல்லும் அமுதசுரபி நம்மிடம் இல்லை. ஆனால் அள்ள அள்ளக் குறையாமல் மக்கள் வரியால் நிரம்பும் ஓடு ஒன்று உண்டு. அதன் பெயர் அரசுக் கருவூலம். அது மழை கொட்டும் நள்ளிரவிலும் ஏழைக்காகத் திறக்கவேண்டும். திறக்கும்வரை, தட்டிக்கொண்டே இருப்போம்!