தக்கைப் பட்டையில் ஆர்க்கிட் வளர்ப்பு

தக்கைப் பட்டையில் ஆர்க்கிட் வளர்ப்பு என்பது, மரங்களின்மேல் வாழும் ஆர்க்கிட் செடிகளைத் தொட்டியும் மண்ணும் இல்லாமல் தக்கை ஓக் மரத்தின் பட்டைத் துண்டில் கட்டித் தொங்கவிட்டு வளர்க்கும் முறை. வேர்கள் திறந்த காற்றில் இருக்கும். சில மாதங்களில் அவை பட்டையை இறுகப் பற்றிக்கொள்ளும். அதன்பின் கட்டு தேவைப்படாது. பால்கனி, மொட்டைமாடி நிழல்வலைக் கூடாரம், மரத்தடி என எங்கும் இம்முறையைக் கையாளலாம்.

ஆர்க்கிட் குடும்பத்தில் சுமார் 28,000 இனங்கள் உள்ளன. அவற்றில் பத்துக்கு ஏழு தொற்றுத்தாவரங்கள், அதாவது மரங்களைப் பற்றி வாழ்பவை. இவை மண்ணில் புதைந்தால் அழுகிவிடும்.

தொற்றுத்தாவரமும் புல்லுருவியும்

மரத்தில் ஒட்டி வளர்வதால் ஆர்க்கிட்டைப் புல்லுருவி என்று எண்ணி வெட்டிப் போடுவோர் உண்டு. இரண்டும் வேறு. புல்லுருவி மரத்துக்குள் உறிஞ்சு வேரைச் செலுத்திச் சாற்றை எடுக்கிறது. ஆர்க்கிட்டோ பட்டையின் மேற்பரப்பைப் பிடித்துக்கொள்வதோடு சரி. மழையும் பனியும், பட்டை இடுக்குகளில் சேரும் மக்கும் அதற்குப் போதும். மரம் அதற்கு இருப்பிடம்தான், உணவு அன்று. அதனால்தான் உயிரற்ற பட்டைத் துண்டிலும் அது வாழ்கிறது.

வேரின் அமைப்பு

தொற்று ஆர்க்கிட்டின் வேரைச் சுற்றி வெலாமன் என்னும் பஞ்சு போன்ற உறை உண்டு. இது இறந்த செல்களால் ஆனது. காய்ந்திருக்கும்போது அச்செல்களில் காற்று நிறைந்திருப்பதால் வேர் வெள்ளி நிறமாகத் தெரியும். தண்ணீர் தெளித்துப் பார்த்தால், துளி பட்ட இடத்திலிருந்து நிறம் மாறத் தொடங்கி, சிறிது நேரத்தில் வேர் முழுவதும் பச்சையாகிவிடும். வெலாமன் நீரை உறிஞ்சிக் கண்ணாடிபோல் ஆவதால், உள்ளே இருக்கும் பச்சையம் வெளியே தெரிகிறது. வளரும் நுனியில் மட்டும் இந்த உறை இராது. அது எப்போதும் பளபளப்பான பச்சையாகவோ செந்நிறமாகவோ இருக்கும்.

பட்டையில் வளர்ப்பதன் தலையாய பயன் இதில்தான் இருக்கிறது. தொட்டிக்குள் மறைந்திருக்கும் வேர் இங்கே கண்முன் தொங்குகிறது. வெள்ளி நிறமென்றால் தாகம், பச்சையென்றால் போதும், பழுப்பாகி நசுங்கினால் அழுகல். செடிக்கு என்ன தேவை என்பதை வேரே சொல்லிவிடுகிறது.

தக்கைப் பட்டை

தக்கை ஓக் மரத்தின் தாவரவியல் பெயர் குவர்கஸ் சூபர். மத்தியதரைக் கடலின் மேற்குப் பகுதி அதன் தாயகம். போர்ச்சுகல், ஸ்பெயின், மொராக்கோ, அல்ஜீரியா, துனிசியா, இத்தாலி, பிரான்ஸ் ஆகிய நாடுகளில் வளர்கிறது. உலகத் தக்கையில் ஏறத்தாழப் பாதி போர்ச்சுகலில் கிடைக்கிறது. மரத்துக்குச் சுமார் 25 வயதானதும் முதல்முறை பட்டை உரிக்கிறார்கள். அதன்பின் 9 ஆண்டுகளுக்குக் குறையாத இடைவெளியில் மீண்டும் மீண்டும். மரத்தை வெட்டுவதில்லை. உரித்த ஆண்டின் கடைசி இலக்கத்தை அடிமரத்தில் எழுதி வைப்பது போர்ச்சுகலில் வழக்கம்.

முதல்முறை உரிக்கும் பட்டை மேடும் பள்ளமுமாக, வெடிப்புகளோடு இருக்கும். குப்பி மூடி செய்ய அது உதவாது. ஆர்க்கிட்டுக்கு அதுவே ஏற்றது. வேர் அந்த வெடிப்புகளில் நுழைந்து பிடிக்கிறது. செல்சுவரில் உள்ள சூபரின் என்னும் மெழுகுத்தன்மையுள்ள பொருள் நீரை உள்ளே விடாது. ஆகவே, நாள்தோறும் நனைந்தாலும் பட்டை பல ஆண்டுகள் மக்காமல் நிற்கும்.

முன்பு பல நாடுகளில் மரப்பெரணியின் தண்டையும் நார்க்கட்டையையும் ஆர்க்கிட்டுக்குப் பயன்படுத்தினர். அதற்காகப் பெரணி மரங்களை அடியோடு வெட்டியதால் அவை அருகின. இன்று அவற்றின் பன்னாட்டு வணிகத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. மரம் நிற்கப் பட்டையை மட்டும் எடுக்கும் தக்கை இவ்வகையிலும் மேலானது.

ஏற்ற இனங்கள்

தென்னிந்தியச் சமவெளியிலும் இலங்கையிலும் மாமரங்களில் வளரும் வாண்டா டெசலேட்டா வெயிலையும் வறட்சியையும் தாங்கும். நரிவால் போல் நீண்டு தொங்கும் பூங்கொத்துடைய ரிங்கோஸ்டைலிஸ் ரெட்டியூசா, அசாமில் பிகு விழாவின்போது பெண்கள் கூந்தலில் சூடும் மலர்; அதுவும் பட்டையில் நன்கு வளரும். பொன்மஞ்சள் கொத்துகளாகப் பூக்கும் டென்ட்ரோபியம் லிண்ட்லெயி, இரவில் மணக்கும் பிராசவோலா நோடோசா, பல்போபில்லம் இனங்கள், கடைகளில் எளிதில் கிடைக்கும் ஃபலனாப்சிஸ் ஆகியவையும் பொருந்தும். ஸ்பாத்தோகுளோட்டிஸ், பாபியோபெடிலம் போன்ற தரை ஆர்க்கிட்டுகளுக்கு இம்முறை ஆகாது.

பொருத்தும் முறை

புதிய வேர்நுனிகள் எட்டிப்பார்க்கும் காலமே ஏற்ற காலம். பழைய வேர்கள் வளைந்து கொடுத்துப் பட்டையைப் பற்றுவது அரிது. புது வேரே பிடிக்கும்.

பட்டைத் துண்டை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். தக்கை மிதக்கும் என்பதால் மேலே ஒரு கல்லை வைத்தால்தான் அமிழும். பிறகு தேய்த்துக் கழுவி, மேல்முனையில் துளையிட்டுத் தொங்கவிடக் கம்பி மாட்டலாம். செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து, பழைய கலவையை உதறி, அழுகிய வேர்களைச் சுத்தமான கத்தரியால் வெட்டி நீக்க வேண்டும்.

பட்டையின்மேல் நனைத்துப் பிழிந்த ஸ்பேக்னம் பாசியை மெல்லிய படலமாகப் பரப்பி, அதன்மீது வேர்களை விரித்து வைக்க வேண்டும். பாசி வேர்களுக்கு அடியில் மட்டும் இருக்கட்டும். கிடைத்தண்டையும் போலிக்குமிழ்களின் (நீரைச் சேமிக்கும் தடித்த தண்டுகளின்) அடியையும் மூடினால் அவை அழுகும். டென்ட்ரோபியம் போன்ற பக்கவாட்டில் வளரும் செடிகளில் புதுத்தளிர் பட்டையை நோக்கி, வளர இடம் இருக்கும் பக்கமாக இருக்க வேண்டும். ஃபலனாப்சிஸ் போன்றவற்றை இலைக்குருத்து சற்றுக் கீழ்நோக்கிச் சாயும்படி வைக்க வேண்டும். நேராக நிமிர்த்தினால் குருத்தில் தண்ணீர் தேங்கும்.

தூண்டிலுக்குப் பயன்படும் நைலான் நரம்பால் வேர்ப்பகுதியையும் தண்டையும் சேர்த்துச் சுற்றிக் கட்டலாம். செப்புக் கம்பி கூடாது. செம்பு ஆர்க்கிட்டுக்கு நஞ்சு. கட்டு தண்டில் பதிந்து வெட்டக் கூடாது. ஆனால் செடி துளியும் அசையவும் கூடாது. ஒவ்வோர் அசைவிலும் பட்டையைத் தொட்ட புதுவேர் நுனி உராய்ந்து நின்றுவிடும். செடிகள் பிழைக்காமற் போவதற்குத் தளர்ந்த கட்டும் ஒரு காரணம்.

நீரும் உரமும் ஒளியும்

பட்டையில் வேர் விரைவாகக் காயும். ஆகவே, கோடையில் தினமும், தேவையானால் இருவேளையும், மழைக்காலத்தில் வேரின் நிறம் பார்த்தும் தண்ணீர் விட வேண்டும். மேலோட்டமாகத் தெளிப்பதைவிட, வாளித் தண்ணீரில் பட்டையோடு சில நிமிடங்கள் அமிழ்த்துவது நல்லது. காலையில் நனைத்தால் இலை இடுக்குகள் மாலைக்குள் உலர்ந்துவிடும். மழைநீர் மிகச் சிறந்தது. உப்புள்ள ஆழ்குழாய்க் கிணற்று நீரை விட்டால் பட்டையில் வெண்மையாக உப்புப் படியும், வேர்நுனிகள் கருகும்.

வளரும் பருவத்தில், பொட்டலத்தில் குறித்த அளவில் கால் பங்கு உரத்தைக் கரைத்து வாரம் ஒருமுறை தெளித்தால் போதும். முதலில் வெறும் நீரால் வேரை நனைத்த பிறகே உரநீர் தெளிக்க வேண்டும். பெரும்பாலான இனங்களுக்கு 50 விழுக்காட்டு நிழல்வலையின்கீழ் கிடைக்கும் ஒளி ஏற்றது. டென்ட்ரோபியம் லிண்ட்லெயி போன்றவற்றுக்குக் குளிர்காலத்தில் நீரைக் குறைத்து ஓய்வு தந்தால்தான் பூக்கும்.

மாற்றுப் பொருட்கள்

இந்தியாவில் தக்கைப் பட்டை இறக்குமதிப் பொருள் என்பதால் விலை கூடுதல். மாங்கட்டை, காப்பிச் செடியின் பழைய தண்டு, தேங்காய் மட்டை ஆகியவற்றைக் கொண்டும் வளர்க்கலாம். தேங்காய் மட்டையை உப்புப் போகப் பலமுறை ஊறவைத்து அலச வேண்டும். அது நீரை அதிகம் பிடிப்பதாலும் சில ஆண்டுகளில் மக்குவதாலும் மறுபடி மாற்ற நேரும்.

காட்டுச் செடிகளும் காப்பும்

ஆர்க்கிட் குடும்பம் முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தப் பட்டியல்களில் இடம்பெற்றுள்ளது. காப்புக்காட்டிலிருந்து செடியைப் பெயர்த்தெடுப்பது குற்றம். அதற்குத் தேவையும் இல்லை. தூசிபோன்ற ஆர்க்கிட் விதையைப் பூஞ்சையின் துணையின்றிச் சர்க்கரை கலந்த ஊடகத்தில் முளைக்க வைக்கும் முறையை லூயிஸ் நட்சன் 1922இல் வெளியிட்டார். அதன் வழியே ஆய்வகங்களில் வளர்ந்த நாற்றுகள் இன்று பண்ணைகளில் கிடைக்கின்றன. காட்டு இனங்களைக் காண விரும்புவோர் ஏற்காட்டிலுள்ள தேசிய ஆர்க்கிட் தோட்டத்தில் காணலாம்.

காட்டிலிருந்து பிய்த்த செடி பெரும்பாலும் வேர் அறுந்தே வருகிறது. பலவும் வீட்டில் பிழைப்பதில்லை. பண்ணை நாற்றோ இளவேர்களோடு வரும். அந்த வேர் பட்டையைத் தொட்டதும் தொடும் பக்கம் தட்டையாகி, நுண்ணிய தூவிகளால் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் வேரைக் கிழிக்காமல் பட்டையிலிருந்து பிரிக்க முடியாது. நரம்புக் கட்டை அவிழ்க்கும் நாள் அதுவே.