அமெரிக்கப் பள்ளிகளில் பரிணாமப் பாடம்: சமயமும் அரசியலும்

ஐக்கிய அமெரிக்காவுக்கு அரசு மதம் கிடையாது. மதம் ஒன்றை நிறுவும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றக் கூடாது என்று 1791இல் நடப்புக்கு வந்த முதலாவது அரசியலமைப்புத் திருத்தம் கூறுகிறது. ஆயினும் அந்நாட்டின் தேர்தல்களிலும் சட்டமன்றங்களிலும் சமய நம்பிக்கைக்குப் பெரும் செல்வாக்கு உண்டு. அந்தச் செல்வாக்கு அறிவியலோடு நேருக்கு நேர் மோதிய முக்கியமான களம் பள்ளியின் உயிரியல் வகுப்பு. வரிப்பணத்தில் நடக்கும் பள்ளியில் எது அறிவியல் என்பதைப் பெரும்பான்மையினரின் வாக்கு முடிவு செய்யலாமா என்பதே அங்கு நடந்த வழக்குகளின் அடிப்படைக் கேள்வி.

பின்னணி

சார்லஸ் டார்வினின் பரிணாமக் கோட்பாடு 1859இல் நூலாக வெளிவந்தது. தொடக்கத்தில் எல்லாக் கிறித்தவர்களும் அதை எதிர்க்கவில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத் தாவரவியலாளர் ஏசா கிரே சமயப் பற்றுள்ளவராக இருந்துகொண்டே டார்வினுக்கு ஆதரவாக எழுதினார். முதல் உலகப்போருக்குப் பின்னரே எதிர்ப்பு ஓர் அரசியல் இயக்கமாக மாறியது. உயர்நிலைப் பள்ளிகள் சிற்றூர்கள் வரை பரவியதால், சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகளும் பரிணாமத்தைப் பாடமாகப் படிக்கத் தொடங்கினர். விவிலியத்தை எழுத்துக்கு எழுத்து உண்மை என ஏற்கும் புராட்டஸ்தாந்து அடிப்படைவாத இயக்கமும் அதே காலத்தில் வலுப்பெற்றது.

எதிர்ப்பை முன்னின்று நடத்தியவர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன். இவர் சனநாயகக் கட்சியின் குடியரசுத் தலைவர் வேட்பாளராக மூன்று முறை போட்டியிட்டவர். வெளியுறவுச் செயலராகவும் இருந்தவர். பெண்களின் வாக்குரிமைக்கும் வருமான வரிக்கும் ஆதரவளித்த இவரை வெறும் பழமைவாதி எனக் கொள்ள முடியாது. வலியவன் மட்டுமே வாழ்வான் என்ற எண்ணம் போருக்கும் ஏழைகளை நசுக்குவதற்கும் நியாயமாகிவிடும் என்று இவர் அஞ்சினார். வரி கட்டும் மக்களுக்கே பாடத்தை முடிவு செய்யும் உரிமை உண்டு என்றும் வாதிட்டார்.

டேட்டன் வழக்கு, 1925

1925 மார்ச்சில் டென்னசி மாநிலம் பட்லர் சட்டத்தை இயற்றியது. மனிதன் கீழ்நிலை விலங்குகளிலிருந்து தோன்றினான் என்று அரசு நிதியில் இயங்கும் பள்ளிகளில் கற்பிப்பது இதன்படி குற்றமாயிற்று. இச்சட்டத்தை நீதிமன்றத்தில் சோதிக்க முன்வருவோருக்கு உதவுவதாக அமெரிக்கக் குடியுரிமைகள் ஒன்றியம் அறிவித்தது. ஊருக்கு விளம்பரம் கிடைக்கும் என்று கருதிய டேட்டன் நகரப் பிரமுகர்கள், ஜான் ஸ்கோப்ஸ் என்ற 24 வயது ஆசிரியரை அதற்கு இணங்க வைத்தனர். அவர் பயன்படுத்திய உயிரியல் நூல் மாநில அரசே அங்கீகரித்த பாடநூல். அதில் பரிணாமத்தோடு, மனித இனங்களைத் தரவரிசைப்படுத்தும் பகுதியும் இருந்தது.

ஜூலையில் நடந்த விசாரணை வானொலியில் நேரடியாக ஒலிபரப்பானது. ஸ்கோப்ஸ் தரப்பில் கிளாரன்ஸ் டாரோவும் அரசுத் தரப்பில் பிரையனும் வாதாடினர். பிரையனையே சாட்சியாக அழைத்து டாரோ விவிலியம் குறித்துக் குறுக்கு விசாரணை செய்தார். படைப்பின் ஆறு நாட்களும் 24 மணி நேர நாட்களாக இருக்க வேண்டியதில்லை என்று பிரையன் அப்போது ஒப்புக்கொண்டார். ஸ்கோப்ஸ் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, 100 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அபராதத் தொகையை நடுவர் குழுவுக்குப் பதிலாக நீதிபதியே முடிவு செய்தது தவறு என்று கூறி மாநில உச்ச நீதிமன்றம் 1927இல் தண்டனையை நீக்கியது. ஆனால் சட்டம் அப்படியே நின்றது.

மிசிசிப்பியும் ஆர்கன்சாவும் இதே போன்ற தடைகளைக் கொண்டுவந்தன. விற்பனை குறையும் என்று அஞ்சிய பதிப்பாளர்கள் நாடு முழுவதற்குமான பாடநூல்களில் பரிணாமப் பகுதியைச் சுருக்கினர். தடை இல்லாத மாநிலங்களின் மாணவர்களும் இதனால் பாதிக்கப்பட்டனர்.

தடையிலிருந்து சம நேரத்துக்கு

முதலாவது திருத்தத்தின் மதம் பற்றிய தடை மாநில அரசுகளையும் கட்டுப்படுத்தும் என்று கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 1947இல் தீர்ப்பளித்தது. 1957இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியபின், அறிவியல் கல்வியில் பின்தங்கிவிட்டோம் என்ற அச்சம் அமெரிக்காவைப் பற்றிக்கொண்டது. கூட்டாட்சி அரசின் நிதியுதவியுடன் எழுதப்பட்ட புதிய உயிரியல் நூல்கள் பரிணாமத்தை மீண்டும் மையத்துக்குக் கொண்டுவந்தன. புதிய நூலைக் கற்பித்தால் வேலை போகும் நிலையில் இருந்த ஆர்கன்சா ஆசிரியை சூசன் எப்பர்சன் வழக்குத் தொடுத்தார். 1968இல் உச்ச நீதிமன்றம் அம்மாநிலத் தடையை நீக்கியது. டென்னசி அதற்கு முந்தைய ஆண்டே பட்லர் சட்டத்தைக் கைவிட்டிருந்தது.

தடை சாத்தியமில்லை என்றானதும் கோரிக்கை வடிவம் மாறியது. பரிணாமத்துக்கு ஈடாகப் 'படைப்பு அறிவியலையும்' கற்பிக்க வேண்டும் என ஆர்கன்சாவும் லூசியானாவும் 1981இல் சட்டமியற்றின. ஆர்கன்சா சட்டத்தை எதிர்த்து வழக்காடியவர்களில் கத்தோலிக்க, மெத்தடிஸ்ட், எபிஸ்கோப்பல் ஆயர்களும் இருந்தனர். ஒரு சமயப் பிரிவின் விளக்கத்தை அரசு எல்லோர் மீதும் சுமத்துவதை அவர்கள் ஏற்கவில்லை. அச்சட்டம் 1982இல் வீழ்ந்தது. லூசியானா சட்டத்தை எதிர்த்து நோபல் பரிசு பெற்ற 72 பேர் உச்ச நீதிமன்றத்தில் கருத்துரை அளித்தனர். 1987இல் 7-2 என்ற பெரும்பான்மையில் அதுவும் செல்லாததாயிற்று.

டோவர் வழக்கு, 2005

பின்னர் 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்ற பெயர் எழுந்தது. பென்சில்வேனியாவின் டோவர் பள்ளி வாரியம் 2004இல் அதை மாணவர்களுக்கு அறிமுகப்படுத்த முயன்றபோது 11 பெற்றோர்கள் நீதிமன்றம் சென்றனர். வாரியம் பரிந்துரைத்த நூலின் பழைய வரைவுகளில் 'படைப்புவாதிகள்' என்றிருந்த சொல், 1987 தீர்ப்புக்குப் பின் 'வடிவமைப்பு ஆதரவாளர்கள்' என மாற்றப்பட்டிருந்தது விசாரணையில் வெளிப்பட்டது. பெற்றோர் தரப்பின் முதன்மை அறிவியல் சாட்சியான உயிரியலாளர் கென்னத் மில்லர் ஒரு கத்தோலிக்கர். குடியரசுத் தலைவர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் நியமித்த நீதிபதி ஜான் ஜோன்ஸ், அது அறிவியல் அல்ல, சமயக் கருத்தே என்று 2005 டிசம்பரில் தீர்ப்பளித்தார். அதற்கு முந்தைய மாதமே டோவர் வாக்காளர்கள் அக்கொள்கையை ஆதரித்த வாரிய உறுப்பினர்களைத் தேர்தலில் தோற்கடித்திருந்தனர்.

வழக்குகள் காட்டுவது

இவ்வழக்குகளை மதத்துக்கும் அறிவியலுக்கும் இடையிலான போர் என்று மட்டும் கூறுவது பொருந்தாது. நம்பிக்கையுள்ளவர்கள் இரு தரப்பிலும் நின்றனர். பாடத்திட்டம் பெரிதும் மாநிலங்கள், உள்ளூர் வாரியங்கள் ஆகியவற்றின் கையில் இருப்பதால், சமய உணர்வு எளிதில் தேர்தல் வழியே வகுப்பறைக்குள் நுழைகிறது. நீதிமன்றம் ஒரு வடிவத்தை நிறுத்தினால் மற்றொன்று தோன்றுகிறது. பரிணாமம், புவி வெப்பமாதல் போன்றவற்றைத் திறனாய்வு செய்யலாம் என ஆசிரியர்களுக்கு இடமளிக்கும் சட்டத்தை லூசியானா 2008இல் இயற்றியது. 2012இல் டென்னசியும் அத்தகைய சட்டமொன்றைக் கொண்டுவந்தது. அச்சட்டத்தில் மதம் பற்றியோ படைப்பு பற்றியோ எதையும் கற்பிக்குமாறு கூறப்படவில்லை.