அது யார் கையெழுத்து?

பிளஸ் டூ ரிசல்ட் வந்தாலே எங்கள் ஊர் திருநாவலூரில் நோட்டீஸ் மழைதான். நர்சிங், ஆபீஸ் வேலை, சட்ட உதவியாளர் என்று பல பெயரில் படிப்புகள். "சார், இதுல சேரலாமா?" என்று பிள்ளைகள் இன்னும் என்னிடம் வருகிறார்கள். அவர்களுக்காகவே இந்த நீண்ட பதிவு.

முதலில் ஊர்க் கதை. சுந்தரர் பிறந்த ஊர் இது. அவர் திருமணத்தன்று ஒரு கிழவர் வந்து, "நீ எனக்கு அடிமை" என்று ஓலையைக் காட்டினார். சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போனது. "கிழித்தது படியோலை, மூல ஓலை என்னிடம் இருக்கிறது" என்றார் கிழவர். கரணம் அதை வாங்கிப் படித்தார். சுந்தரரின் பாட்டனார் கைச்சாத்தை, காப்பில் இருந்த வேறொரு ஓலையோடு ஒப்பிட்ட பிறகுதான் தீர்ப்பு. இதைப் பெரியபுராணம் சொல்கிறது. வந்தவர் சிவபெருமானே. ஆனாலும் சபை கேட்டது, இது யார் கையெழுத்து என்றுதான்.

ஓலை படித்த அந்தக் கரணத்தின் வழியில் வந்ததுதான் நம் ஊர்க் கர்ணம் வேலை. சிட்டா, அடங்கல் எல்லாம் அவர் வீட்டுப் பெட்டியில் இருக்கும். பெரும்பாலும் தகப்பனுக்குப் பின் மகன். 1980-ல் எம்.ஜி.ஆர். அரசு அந்தப் பதவிகளை ஒழித்தது. பிறகு தேர்வாணையம் வழியாகக் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். கூலிக்காரர் வீட்டுப் பிள்ளையும் பரீட்சை எழுதிக் கணக்கு நாற்காலியில் உட்காரலாம் என்றானது.

அதற்குச் சற்று முன், 1978-ல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ தொடங்கியது. அதோடு தொழிற்கல்விப் பிரிவுகளும் வந்தன. நர்சிங், அலுவலகச் செயலாண்மை, கணக்குப் பதிவியல், எந்திரம் என்று பல. "மார்க் குறைஞ்சவன் போற குரூப்" என்று நாமே அதை மட்டம் தட்டினோம். அது தவறு. ஆனால் அந்தப் படிப்பு எந்தக் கதவு வரை கொண்டுபோய் விடும் என்று பிள்ளைகளுக்குத் தெளிவாகச் சொல்லாமல் விட்டது அதைவிடப் பெரிய தவறு.

நானும் அந்தத் தவறைச் செய்தவன். கரும்பு வெட்டும் குடும்பத்துப் பெண், என்னிடம் ஐந்தாவது படித்தவள். பிளஸ் டூ முடித்ததும் ஒரு நோட்டீஸோடு வந்தாள். ஓராண்டு நர்சிங் பயிற்சி, உடனே வேலை. "நல்லதுதானே, சேரும்மா" என்றேன். அவள் அப்பா கடன் வாங்கிக் கட்டினார். முடித்துவிட்டு அரசு வேலைக்கு விண்ணப்பம் போடப் போனால் நர்சிங் கவுன்சில் பதிவு எண் கேட்டார்கள். அவளிடம் அது இல்லை. சான்றிதழில் இருந்தது அந்தப் பயிற்சி நடத்தியவரின் கையெழுத்து மட்டுமே. "நீங்க சொன்னீங்கன்னுதான் சார் சேர்ந்தேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

நர்சு வேலைக்கென்று நம் மாகாணத்தில் 1926-லேயே சட்டம் உண்டு. வேலூர் சி.எம்.சி.யில் 1909-ல் நர்சிங் பள்ளி, 1946-ல் பட்டப்படிப்பு வந்தன. இன்று ஏ.என்.எம். 2 ஆண்டு, ஜி.என்.எம். 3 ஆண்டு, பி.எஸ்சி. 4 ஆண்டு. எதைப் படித்தாலும் முடிவில் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சிலில் பதிவு வேண்டும். நம் பாஷையில் சொன்னால் அந்தப் பதிவுதான் மூல ஓலை. பிளஸ் டூவில் நர்சிங் பிரிவு படித்தது ஒரு படிக்கட்டு, அவ்வளவே.

ஆபீஸ் வேலைக்கும் இதே கணக்கு. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் சொல்லிக் கொடுக்கும். ஆனால் தேர்வு நடத்திச் சான்றிதழ் தருவது தொழில்நுட்பக் கல்வி இயக்ககம். குரூப் 4-ல் தட்டச்சர் பணிக்கு அந்தச் சான்றிதழ்தான் செல்லும்.

சட்ட உதவிக்கு, சட்டப் பணிகள் ஆணைக்குழு 2009 முதல் தன்னார்வலர்களைப் பயிற்றுவிக்கிறது. நல்ல சேவை. ஆனால் அதற்கு மதிப்பூதியம்தான், மாதச் சம்பளம் இல்லை. அதைப் படித்தவர் வக்கீலும் ஆகிவிட முடியாது. பத்திரம் எழுத வேண்டுமென்றால் பதிவுத்துறை உரிமம் வேண்டும்.

நான் ஆசிரியர் பயிற்சி முடித்த சாதாரண வாத்தியார். என் பட்டயத்திலும் அரசுத் தேர்வுத் துறை முத்திரை இருந்ததால்தான் வேலை கிடைத்தது. ஆகவே பெற்றோரே, கட்டடத்தையும் ஏ.சி.யையும் பார்க்காதீர்கள். பணம் கட்டுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். தேர்வு நடத்துவது யார்? சான்றிதழில் கையெழுத்து யாருடையது? வேலைக்கு எங்கே பதிவு செய்ய வேண்டும்? வாயால் சொன்னால் போதாது, அங்கீகாரக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். அது கவுன்சில் பட்டியலில் இருக்கிறதா என்றும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

போன மாதம் அந்தப் பெண் தன் மகளோடு வந்தாள். ஜி.என்.எம். விண்ணப்பத்தை என் முன்னால் வைத்தாள். "கவுன்சில் பட்டியல்ல இந்தக் காலேஜ் இருக்கு சார், நானே பார்த்துட்டேன். நீங்களும் ஒரு தடவை பாருங்க" என்றாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்தேன்.

உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பயன்படும் என்று தோன்றினால் பகிருங்கள்.